பாம்பன் போட்டோ அண்ணன் கடை: மூன்று வருஷமாகப் பிரிண்ட் போடுகிறவள் எழுதுவது

பாம்பன் பாலம் இறங்கி, பஸ் நிற்கும் இடத்தில் இருந்து மூன்று நிமிஷம் நடந்தால் ஒரு போட்டோக் கடை வரும். பலகையில் கடைப் பெயர் இருந்த பாதி உப்புக்காற்றில் உரிந்துபோய், ‘ஸ்டூடியோ’ என்ற எழுத்து மட்டும் மிச்சம் இருக்கிறது. டீக்கடையில் ‘போட்டோ அண்ணன் கடை’ என்று கேட்டால் கை காட்டுவார்கள். “கடையைப் பத்தி எழுதிக்கங்க டீச்சர், என் பேரு வேணாம்” என்று அவர் சொல்லிவிட்டதால் நானும் அண்ணன் என்றே எழுதுகிறேன்.

நான் மானாமதுரைப் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை. லீவு கிடைத்தால் கேமராப் பையோடு ரயிலேறிவிடுவேன். மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி, இந்தப் பக்கம் தேவிபட்டினம், கீழக்கரை என்று ராமநாதபுரம் கரையோரத்தையே திரும்பத் திரும்பச் சுற்றுகிறேன். 2023 தொடக்கத்தில் இருந்து இந்தக் கடையில் 400 படத்துக்கு மேல் போட்டிருப்பேன். அதில் என் வீட்டில் இருப்பது 50கூட இருக்காது. மற்றதெல்லாம் படத்தில் இருக்கிறவர்கள் வீட்டுக்குப் போய்விட்டன. அப்படிப் போய்ச் சேருவதற்கு இந்தக் கடைதான் காரணம் என்பதால் இதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

முதல்முறை அங்கே போனது ஒரு வருத்தத்தோடு. 2022 டிசம்பர் 23ஆம் தேதி பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். அதற்கப்புறம் ரயில் மண்டபத்தோடு நின்றுவிடும், அங்கிருந்து பஸ். அப்படி வந்த ஒரு நாள் ராமேஸ்வரம் வரை போகாமல் பாம்பனிலேயே இறங்கி சின்னப்பாலம் பக்கம் நடந்தேன். கடற்பாசி எடுக்கப் போன அக்காக்கள் வள்ளத்தில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். தலையில் ஈரச் சாக்கு, சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றியிருந்தது. பாறையில் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்தால் விரல் கிழிந்துவிடும், அதற்குத்தான் அந்தத் துணி. மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அந்த ஊரைச் சேர்ந்த லட்சுமி என்ற பாசி எடுக்கும் பெண்ணுக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தது பலருக்கும் நினைவிருக்கும்.

அன்றைக்கு ஓர் அக்கா சாக்கை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீரில் முங்கும்போது போடும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கேட்டுவிட்டு எடுத்தேன். “எனக்கு ஒண்ணு கொண்டாந்து குடு” என்றார். சரி என்றேன்.

அந்தப் படத்தை வேறொரு ஊரில் ஒரு பெரிய கலர் லேபில் கொடுத்துப் பிரிண்ட் போட்டேன். கவரைப் பிரித்துப் பார்க்காமலே அடுத்த லீவுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார். “இது யாரு டீச்சர்?” என்றார்.

நானும் அப்போதுதான் பார்த்தேன். லேபில் முகத்துக்கு வெள்ளை ஏற்றி, தோலை வழுவழு என்று தேய்த்து வைத்திருந்தார்கள். கடலில் காய்ந்த அந்தக் கருப்பு நிறம் போய்விட்டது. கண்ணைச் சுற்றி இருந்த கண்ணாடி அழுத்திய தடம் போய்விட்டது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. “நல்லாத்தான் இருக்கு. நான் இப்படி இல்லையே” என்று அக்கா திருப்பிக் கொடுத்தார். கோபமே இல்லாமல் சொன்னார், அதனாலேயே எனக்குத் தாங்கவில்லை. அதே வேகத்தில் மெயின் ரோட்டுக்கு நடந்து வந்தேன். கண்ணில் பட்ட முதல் போட்டோக் கடை இதுதான்.

அண்ணன் மெமரி கார்டைப் போட்டு, படத்தைத் திரையில் பெரிசாக்கினார். அந்த லேபில் போட்ட பிரிண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. அக்காவின் கண்ணைச் சுற்றி இருந்த வட்டத்தை மவுஸால் சுட்டி, “இந்தத் தடம் தெரியணும் டீச்சர். இது இல்லேன்னா இவுங்க பாசிக்காரம்மா இல்ல” என்றார். புருவத்தில் உப்புக் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. நான் எடுக்கும்போது அதைக் கவனிக்கவே இல்லை. அவர் திரையில் காட்டித்தான் பார்த்தேன்.

அவர் செய்த வேலையைச் சொல்கிறேன். பின்னால் கடல் பளபளவென்று இருந்ததால் முகம் நிழலாகிவிட்டது. முகத்தில் இருட்டாக இருந்த இடத்தை மட்டும் கொஞ்சம் தூக்கினார். நிறத்தைத் தொடவில்லை, தோலைத் தேய்க்கவில்லை. திரையில் பார்க்கிற வெளிச்சம் காகிதத்தில் வராது, திரைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது, காகிதத்துக்கு விளக்கு கிடையாது, அதனால் பிரிண்டுக்கென்று தனியாக ஒரு தூக்கு தூக்க வேண்டும் என்று விளக்கினார். அதுவரை என் பிரிண்ட் எல்லாம் ஏன் மங்கலாக வந்தது என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

அப்புறம் அந்தச் சின்ன மெஷின். 4க்கு 6 சைஸ் எல்லாம் அதில்தான் வரும். இங்க் கிடையாது. சாய ரிப்பனைச் சூடாக்கிக் காகிதத்தில் ஏற்றுகிற மெஷின். காகிதம் நான்கு தடவை உள்ளே போய் வெளியே வரும். முதல் தடவை வரும்போது மஞ்சளாக ஓர் உருவம், யார் என்றே தெரியாது. இரண்டாவது தடவை அதன்மேல் சிவப்பு ஏறிச் சாயங்கால வெயிலில் நிற்கிற மாதிரி இருக்கும். மூன்றாவது தடவை நீலம் ஏறியதும் கடல் கடலாகிவிடும், சேலைக்கு நிறம் வந்துவிடும், முகம் முகமாகிவிடும். நாலாவது தடவை போய் வரும்போது ஒரு மாற்றமும் தெரியாது. அது கண்ணுக்குத் தெரியாத மேல்பூச்சு. “அதுதான் முக்கியம். இங்க யாரு கையும் காஞ்ச கை இல்ல” என்றார் அண்ணன். ஈரக் கை பட்டாலும் சாயம் ஓடாது, விரல் ரேகை பதியாது. ஒரு படத்துக்கு முக்கால் நிமிஷம் ஆகும். நான் எத்தனை தடவை போனாலும் முதல் படம் வரும்வரை அந்த மெஷின் முன்னால்தான் நிற்பேன்.

அன்றைக்கே திரும்பச் சின்னப்பாலம் நடந்தேன். அக்கா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் அவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் பார்த்ததும், “அம்மா, கண்ணுல வட்டம் பாரு” என்றாள். அவ்வளவுதான். அது போதும் எனக்கு.

இந்தக் கடையில் இன்னொரு சேவை இருக்கிறது. பலகையில் எழுதிப் போடவில்லை, கேட்டால்தான் தெரியும். வெளியூரில் இருந்து வருகிறவர்கள் பாம்பனிலும் தனுஷ்கோடியிலும் மீன்காரர், வலை பின்னுகிறவர், கருவாடு காயப்போடுகிறவர் என்று எல்லாரையும் படம் எடுக்கிறோம். “அனுப்புங்க தம்பி” என்று அவர்கள் கேட்பார்கள். அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விடுகிறோம். நாம் போடுகிற இடத்தில் படத்தை எல்லாரும் பார்க்கிறார்கள், படத்தில் இருக்கிறவர் மட்டும் பார்ப்பதில்லை. அண்ணனுக்குப் படத்தை அனுப்பி, பணத்தையும் போட்டுவிட்டால் அவர் பிரிண்ட் போட்டு உரியவரிடம் சேர்த்துவிடுவார். சேர்ப்பதற்கு இரண்டு வழி. கடைக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்புவார். அல்லது சாயங்காலம் அவரே தெற்குவாடிப் பக்கம் வண்டியில் போகும்போது கொடுப்பார்.

மேஜைக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின். கொடுக்க வேண்டிய படம் எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் மார்க்கர் பேனாவால் எழுதியிருப்பார். ‘தெற்குவாடி, பச்சை வள்ளம், சிவப்புப் பனியன்.’ ‘முந்தல்முனை, வலைக்கார அப்பா, பக்கத்தில் கருப்பு நாய்.’ ‘அக்காள்மடம் பஸ் ஸ்டாப், பனங்கிழங்கு விற்கும் பாட்டி.’ பெயரும் தெரியாது, நம்பரும் தெரியாது. இதை வைத்துக்கொண்டு ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். டின்னைத் திறந்து பார்த்து, “இது எங்க சித்தப்பாவாச்சே” என்று எடுத்துக்கொண்டு போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

படம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். 4க்கு 6 வரை எப்படியோ தாங்கும், ஏ4 சைஸுக்குத் தாங்காது. டாக்குமெண்டாக அனுப்புங்கள். எந்த இடம், எந்த நாள், என்ன சட்டை என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் வந்த படம்தான் டின்னில் தங்கிப்போகிறது. இன்னொன்று, போனில் எடுத்த படம் 4க்கு 3 கணக்கு, காகிதம் 6க்கு 4 கணக்கு. அதனால் படுக்கையாக எடுத்ததில் மேலேயும் கீழேயும் கொஞ்சம் வெட்டுப்படும். பெரிய கடைகளில் மெஷினே நடுவில் பார்த்து வெட்டிவிடும். இங்கே எந்தப் பக்கம் வெட்டலாம் என்று கேட்டுத்தான் வெட்டுவார்.

அந்தக் கேள்வி எனக்கு ஒரு நல்ல அனுபவத்தைக் கொடுத்தது. தனுஷ்கோடியில் ஒரு காலை கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வரிசை ஆட்கள், மணலில் குதிகால் புதைய, பின்னால் சாய்ந்து சாய்ந்து இழுக்கிறார்கள். வலை முழுசாகக் கரைக்கு வர வெகுநேரம் ஆனது. வலை ஏறியதும் வரிசையில் கடைசியாக நின்ற பெரியவரை அவருடைய வள்ளத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்து எடுத்தேன். நான் அவர் முகத்தைப் பெரிசாக வைத்து, வள்ளத்தின் அணியத்தை, அதாவது முன்முனையை, வெட்டியிருந்தேன். கடையில் அண்ணன் பார்த்துவிட்டு, “இதுக்கு முன்னாடி ஒண்ணு எடுத்திருப்பீங்களே, வள்ளம் முழுசா இருக்கறது?” என்றார். இருந்தது. இரண்டையும் போட்டு இரண்டு வாரம் கழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியவர் தன் முகம் பெரிசாக இருந்த படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேரனிடம் கொடுத்தார். வள்ளம் முழுசாக இருந்த படத்தில் அவர் விரல் அளவுதான் இருந்தார், அதைத்தான் பைக்குள் வைத்துக்கொண்டார். “அணியத்துல இருந்து முழுசா வந்திருக்கு” என்று அவர் சொன்னபோது அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் இதுவரை எந்தப் படத்திலும் பிடித்ததில்லை.

தனுஷ்கோடிப் படங்களுக்கு ஒரு குறிப்பு சொல்லிவிடுகிறேன், இதுவும் கடையில் கற்றதுதான். அங்கே மணல் வெள்ளை, வானம் வெள்ளை. இவ்வளவு வெளிச்சமா என்று பயந்து கேமரா எல்லாவற்றையும் குறைத்துவிடும். மணல் சாம்பல் நிறமாகிவிடும், மனுஷ முகம் கரியாகிவிடும். வெளிச்ச அளவை ஒரு படி ஏற்றி வைத்து எடுக்க வேண்டும். 2017இல் அரிச்சல்முனை வரை ரோடு போட்ட பிறகு எல்லாரும் முனைக்கே போய் இறங்கிவிடுகிறார்கள். 1964 டிசம்பர் புயலில் மிஞ்சிய சர்ச் சுவரை ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். வழியில் கம்பிப்பாட்டிலும் முகுந்தராயர் சத்திரத்திலும் இறங்கி நடந்தால்தான் ஆட்களைப் பார்க்கலாம். லென்ஸில் தண்ணீர்த் திவலை பட்டால் காய்ந்த துணியால் துடைக்காதீர்கள், உப்பு கண்ணாடியைக் கீறிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி எடுங்கள்.

அண்ணன் எல்லாப் படத்தையும் போட்டுத் தருவார் என்று நினைக்க வேண்டாம். ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தக் கரையில் ஒரு விடியற்காலை நான் எடுத்த படம் ஒன்று இருந்தது. ஒரு வயசான தம்பதி, வடநாட்டுக்காரர்கள், கையைக் கோத்துக்கொண்டு தண்ணீரில் முங்கி எழுகிறார்கள். பெண் கடல் என்று இங்கே சொல்கிற பாக் நீரிணைப் பக்கம், அலையே இல்லாமல் தகடு மாதிரிக் கிடந்தது. எனக்கு மிகவும் பிடித்த படம். ஏ4 சைஸில் போடச் சொன்னேன். அண்ணன் திரையில் பார்த்தார். “கேட்டு எடுத்தீங்களா டீச்சர்?” இல்லை என்றேன், தூரத்தில் இருந்து எடுத்தது. “குளிக்கறவுங்க படம் நான் போடறதில்ல” என்றார்.

நான் விடவில்லை. அசிங்கமாக ஒன்றும் இல்லையே, முதுகுதானே தெரிகிறது, எவ்வளவு அழகாக இருக்கிறது என்று வாதாடினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. “அந்தம்மா ஊர்ல யார் முன்னாலயும் ஈரச் சேலையோட நின்னிருக்க மாட்டாங்க. இங்க சாமிக்காக நின்னாங்க” என்றார். பேச்சு அதோடு முடிந்தது. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அந்த வார்த்தை உள்ளே இறங்கியது. படத்தை அழித்துவிட்டேன். அதற்கப்புறம் கேட்காமல் எடுப்பதில்லை. கேட்டால் சிலர் வேண்டாம் என்கிறார்கள். அந்தப் படம் இல்லாமல் திரும்பி வருவது எனக்கு இப்போது பழகிவிட்டது. கோயிலுக்குள் போன், கேமரா எதற்கும் அனுமதி கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் பிராகாரத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கடைச் சுவரில் மூன்றே படம். ஒன்று அவருடைய கல்யாணப் படம். ஒன்று அந்தோணியார் படம். மூன்றாவது, பழைய பாம்பன் தூக்குப்பாலம் இரண்டு பக்கமும் திறந்து நிற்க, நடுவில் ஒரு படகு வரிசை போகிற படம், பிலிம் காலத்தில் அவர் எடுத்தது. 1914இல் திறந்த அந்தப் பாலத்தை ஆட்கள் கையால் சுற்றித்தான் திறப்பார்கள். படத்தில் ஒரு பக்கம் நாலைந்து பேர் குனிந்து சுற்றிக்கொண்டிருப்பது எறும்பு மாதிரி தெரியும். விலைக்குக் கேட்டால் கொடுக்க மாட்டார், உட்கார்ந்து பார்க்கலாம். 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதுப் பாலம் திறந்த பிறகு நானும் ஒரு படம் எடுத்தேன். 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு லிப்ட் மாதிரி நேராக 17 மீட்டர் மேலே ஏறுகிறது. கரையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மா, கடலில் வரிசை கட்டி நின்ற படகுகளில் மூணாவது தன் மகன் வேலை பார்க்கிற படகு என்று காட்டிக்கொண்டே இருந்தார். துண்டு மேலே ஏறி, படகு ஒவ்வொன்றாக நுழைய, மூணாவது படகு அடியில் வரும்போது எடுத்தேன். அண்ணன் அதைப் பளபளப்பில்லாத மேட் பேப்பரில் ஏ4 போட்டுக் கொடுத்து, சுவரில் இருந்த தன் படத்துக்குக் கீழே ஒரு நிமிஷம் பிடித்துப் பார்த்தார். அந்த அம்மாவுக்கு ஒரு பிரதி போய்விட்டது.

பெரிய சைஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கடற்கரை வீட்டுக்கு என்றால் கிளாஸி பேப்பரில் போடாதீர்கள். நானே முதலில் பளபளப்பைப் பார்த்து அதைத்தான் கேட்டேன். காற்றில் இருக்கிற ஈரத்துக்குக் கிளாஸி பேப்பர் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். அப்படி ஒட்டிப்போன ஒரு கல்யாணப் படத்தைக் காப்பாற்றச் சொல்லி ஒருவர் பிரேமோடு கொண்டுவந்திருந்தார். அண்ணன் பிரிக்காமல் கண்ணாடிக்கு மேலேயே வைத்துப் படம் எடுத்து, கீறலை எல்லாம் சரிசெய்து புதிதாகப் போட்டுக் கொடுத்தார். மேட் பேப்பர், சுற்றிலும் அட்டை வைத்துக் கண்ணாடியில் படாமல் ஒரு இடைவெளி, வெயில் நேராக விழாத சுவர். இது மூன்றும் இருந்தால் பல வருஷம் தாங்கும் என்கிறார்.

குறைகளும் உண்டு. வேகம் கிடையாது. 20 படம் கொடுத்தால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் போடுவார், ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். ரயில் பிடிக்கிற அவசரத்தில் போகாதீர்கள். மத்தியானம் ஒன்றரையில் இருந்து நாலு வரை கடை மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்துதான் திறப்பார். ஏ4க்கு மேலே என்றால் மதுரைக்கு அனுப்பி வாங்க வேண்டும், நாலு நாள் ஆகும். மேட் பேப்பர் சில சமயம் தீர்ந்துவிடும், போன் செய்து கேட்டுக்கொண்டு போவது நல்லது. ஆடி அமாவாசை, தை அமாவாசை சமயத்தில் பாலத்தில் வண்டி நகராது, அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு தடவை என் கவருக்குப் பதில் வேறு யாருடைய காதுகுத்துப் படங்களோ என் பைக்கு வந்துவிட்டன. உச்சிப்புளி தாண்டித்தான் பார்த்தேன். அந்த வீட்டுக்காரர்கள் படத்துக்குக் காத்திருப்பார்களே என்று ராமநாதபுரத்தில் இறங்கித் திரும்பப் போனேன். அண்ணன் கடையைப் பூட்டாமல் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தார். பஸ் காசை என் கையில் திணித்தார், நான் வாங்கவில்லை. அதற்கப்புறம் கவர் மேல் முதல் படத்தின் சின்னப் பிரதி ஒன்றை ஒட்டிக் கொடுக்கிறார். கவர் மாறியது அந்த ஒரு தடவைதான்.

விலை: கடைசியாக நான் போனபோது 4க்கு 6 ஒன்று 20 ரூபாய், ஏ4 மேட் 120 ரூபாய், அட்டை வைத்த பிரேம் தனி. உரியவரிடம் சேர்ப்பதற்குக் காசு வாங்குவதில்லை. வற்புறுத்தினால், “இன்னொரு படம் சேர்த்துப் போட்டுக்குடுங்க, அவுங்க வீட்டுல ரெண்டு பேருக்கு ஆகும்” என்பார்.

தேவிபட்டினம் நவபாஷாணத்திலும் கீழக்கரைப் பள்ளிவாசல் தெருக்களிலும் எடுத்த படங்களையும் இங்கேதான் போடுகிறேன். ஆனால் அந்த ஊர்களுக்குக் கொடுத்து அனுப்ப அண்ணனுக்கு ஆள் வசதி இல்லை, நானே எடுத்துக்கொண்டு போகிறேன். அவருடைய டின் மண்டபத்தில் இருந்து அரிச்சல்முனை வரைதான்.

அந்த டின்னில் என் படம் ஒன்று ஏழு மாதமாகக் கிடக்கிறது. ஜனவரியில் முகுந்தராயர் சத்திரம் பக்கம் எடுத்தது. பின்னால் தண்ணீரில் பூநாரைக் கூட்டம், கோடு போட்ட மாதிரி நிற்கிறது. அந்தப் பறவைகளுக்காகத்தான் 2025 ஜூனில் தனுஷ்கோடியைச் சரணாலயமாக அறிவித்தார்கள். நானும் பறவைக்காகத்தான் போனேன். முன்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் நிற்கிறார். கேரியரில் ஓலைப்பெட்டி, பெட்டியில் கருவாடு. வெள்ளைத் துண்டு, இடது கையில் செப்புக் காப்பு. “எனக்கு ஒண்ணு தருவியாம்மா?” என்று கேட்டார், தருகிறேன் என்று சொன்னேன். அதற்கப்புறம் நான்கு தடவை போய்விட்டேன், ஆளைப் பார்க்க முடியவில்லை. மூன்றாம் சத்திரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று ஒருவர் சொன்னார், அங்கேயும் கேட்டுப் பார்த்தேன். அண்ணன் படத்தின் பின்னால் ‘சைக்கிள் தாத்தா, செப்புக் காப்பு, டீச்சர் வாக்குக் கொடுத்தது’ என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்த்தால் பாம்பன் போட்டோ அண்ணன் கடையில் படம் இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள்.